பாம்புத்தாராவின் கண்

ஹனீஃபா பாய் என் கடையில் வாடகைக்கு எடுத்துப்போகும் சைக்கிள் திரும்பி வரும்போது சைக்கிள் மாதிரியே இருக்காது. செயினில் பாசி சுற்றியிருக்கும். மட்கார்டுக்குள் ஒரு படி ஏரிச் சேறு இருக்கும். ஒருமுறை கேரியரில் உயிரோடு ஒரு நத்தை ஊர்ந்துகொண்டிருந்தது.

"பாய், நான் உங்களுக்கு சைக்கிள் குடுத்தேனா, படகு குடுத்தேனா?"

"கய்வித் தர்றேன்பா அர்ஜுனா, கோச்சிக்காத" என்பார். ஒருநாளும் கழுவித் தந்ததில்லை. நான்தான் கழுவுவேன்.

என் கடைக்கு நேர் எதிரே அவர் கடை. சாமி படங்களுக்குச் சட்டம் போடுவது அவர் தொழில். இந்தக் காஞ்சிபுரத்தில் வரதராஜரும் காமாட்சியும் எத்தனை வீட்டுச் சுவர்களில் தொங்குகிறார்களோ, அதில் பாதியாவது பாய் கைபட்டதுதான். தேக்கு, ஈட்டி, பலா என்று கெட்டி மரமாகத்தான் எடுப்பார். இழைத்து, மூலைகளைச் சாய்வாக அறுத்து, ஒன்றின் நாக்கை இன்னொன்றின் வாயில் நுழைத்து, மூலைக்கு ஒன்றாக நான்கு மூங்கில் ஆணி தட்டுவார். இரும்பாணியும் கிடையாது, வஜ்ஜிரப் பசையும் கிடையாது.

"சாமி படம் இன்னைக்குப் போனா நாலு வருஷத்துல திரும்பி வரும்பா" என்பார். "கண்ணாடி ஒடையும், பூச்சி பூரும். ஒடைச்சா தெறக்க முடியும்? நாலு தட்டுல தெறந்துக்கணும், நாலு தட்டுல மூடிக்கணும். அதான் வேல."

அவர் மனைவி சைதுன் அக்காவுக்கும் அந்தக் கடையில் ஒரு வேலை இருந்தது. அச்சில் வரும் சாமி படங்களில் நிறம் நகர்ந்து கண்கள் கலங்கிப் போயிருக்கும். அக்கா விளக்குக்கரியைக் கருவேலம்பிசினில் குழைத்து மை பண்ணி வைத்திருப்பார். அணில்முடித் தூரிகையை நாக்கில் தொட்டுக் கூராக்கி, கண்ணுக்கு ஒரு கறுப்புப் பொட்டு, அதன் மேல் கடுகளவு வெள்ளை. அவ்வளவுதான், அம்மன் நம்மைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள். படம் வாங்க வருகிறவர்களும் "சட்டம் ஆச்சா பாய்?" என்று கேட்கமாட்டார்கள், "அக்கா கண்ணு வச்சிட்டாங்களா?" என்றுதான் கேட்பார்கள். பதினெட்டு வருடத்தில் கண் வைக்காத படம் ஒன்று அந்தக் கடை வாசலைத் தாண்டியதில்லை. இதைச் சொல்லி வைக்கிறேன், பின்னால் வரும் வினைக்கெல்லாம் இதுதான் காரணம்.

பாய்க்குக் கேமரா வந்த கதை சின்னது. ஸ்டுடியோ இளங்கோவனுக்குக் கடை முழுக்கச் சட்டம் போட்டுக் கொடுத்தார். இளங்கோவன் பதிலுக்குத் தன் பழைய கேமராவைக் கொடுத்தார். மேலிருந்து குனிந்து பார்க்கிற, இரட்டைக் கண் வைத்த கேமரா. அதை வைத்துக்கொண்டு பாய் பெண்டாட்டியைப் படம் பிடித்தாரா, மசூதியைப் பிடித்தாரா? இல்லை. வெள்ளிக்கிழமை கடைக்கு விடுமுறை. விடிந்ததும் என் சைக்கிளை எடுத்துக்கொண்டு தாமலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு சின்ன ஏரிக்குப் போய்க் கொக்கையும் நாரையையும் பிடித்துக்கொண்டு வந்தார். ஜும்மா தொழுகைக்குள் திரும்பிவிடுவார்.

அந்தக் கேமராவில் தூரத்துப் பறவை கொசு மாதிரிதான் விழும். கிட்டே போனால் பறந்துவிடும். இரண்டு வருடம் கொசுவாகவே பிடித்துச் சலித்துப்போன பாய், ஒருநாள் என் கடைக்கு வந்து பஞ்சர் ஒட்டிய பழைய லாரி டியூப் ஒன்றைக் கேட்டார். பலா மரத்தில் அடியில்லாத ஒரு பெட்டி செய்து, கேமரா பார்க்க வட்டமாக ஓட்டை போட்டு, அதை டியூப் மேல் கட்டினார். பெட்டி மேல் கோரையைச் செருகினார். தண்ணீருக்குள் கழுத்தளவு நின்று தலையைப் பெட்டிக்குள் விட்டுக்கொண்டால், வெளியே பார்க்கிறவர்களுக்குக் கோரைப் புதர் ஒன்று மெல்ல நகருவதாகத்தான் தெரியும். நானும் ஒருமுறை கூடப்போனேன். காலில் அட்டை ஏறியதுதான் மிச்சம்.

ஐப்பசியில் இரண்டு மழைக்கு நடுவே வெயில் அடித்த ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் படம் கிடைத்தது. ஏரி நடுவே பட்டுப்போன கருவேல மரத்தில் ஒரு பாம்புத்தாரா உட்கார்ந்திருந்தது. பாம்பு மாதிரி நீண்ட கழுத்து, கறுத்த உடம்பு. மீன் பிடித்து முடித்து இரண்டு இறக்கையையும் விரித்து வெயிலில் காயப்போட்டுக்கொண்டிருந்தது. பாய் நான்கு முழத் தூரத்துக்குப் போய்விட்டார். அது அசையவில்லை. பன்னிரண்டு படம் எடுத்தார், பதினொன்று கலங்கிப்போனது. ஒன்று தேறியது.

இளங்கோவன் அதை ஒன்றரை அடிக்குப் பெரிதாக்கிக் கொடுத்தார். ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிந்தது. நான் ஒரு குறைதான் சொன்னேன்.

"கண்ணு மட்டும் மங்கலா இருக்குதே பாய்?"

"அது மங்கல் இல்லபா, அதான் அழகு" என்றார். அதற்குமேல் விளக்கவில்லை. அன்றைக்கே விளக்கியிருக்கலாம், நானும் கேட்டிருக்கலாம்.

கார்த்திகையில் கொட்டிய மழை ஞாபகம் இருக்கிறவர்களுக்கு இருக்கும். தெருவில் பாவு போட முடியாமல் நெசவுக்காரர்கள் நாள் முழுக்க என் கடையில் உட்கார்ந்து டீயாகக் குடித்துத் தள்ளினார்கள். அந்த மழையில் இளங்கோவன் ஸ்டுடியோ ஒழுகி, நெகட்டிவ்கள் வைத்திருந்த தகரப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து, எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி அப்பளக் கட்டாகிவிட்டது. பாம்புத்தாரா இனி உலகத்தில் அந்த ஒரே தாளில்தான்.

சென்னையில் ஒரு புகைப்படச் சங்கம் காட்டுயிர்ப் படக் கண்காட்சி வைக்கப்போகிறது என்று பேப்பரில் வந்தது. பாய் துணிந்தார். யாரோ விற்ற பழைய ஈட்டிமரக் கட்டில் சட்டம் ஒன்றை எட்டு வருடமாக எதற்கென்று தெரியாமல் வைத்திருந்தார். அதை எடுத்தார். நனைந்த இறகின் நிறம் அந்த மரத்துக்கு. பூவேலை எதுவும் இல்லாமல், உள்விளிம்பில் மட்டும் நூல் பிடித்தாற்போல் ஒரு கோடு ஓடவிட்டு, பதினைந்து நாள் இழைத்தார். தெருவே வந்து தடவிப் பார்த்தது.

அனுப்ப வேண்டிய நாளும் வெள்ளிக்கிழமை. சட்டத்தை மூன்று பக்கம் பூட்டி, படத்தை மேசைமேல் வைத்துவிட்டு பாய் ஜும்மாவுக்குப் போனார். வந்ததும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கண்ணாடியையும் படத்தையும் செருகி, நான்காவது பக்கத்தைப் பூட்டி, கோணியில் சுற்றித் தைத்தார். மூக்குக்கண்ணாடியைத் தேடக்கூட நேரமில்லை. நானே பஸ் மேலே ஏற்றிவிட்டு வந்தேன்.

தை கடைசியில் கடிதம் வந்தது. இங்கிலீஷ். நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறாதவன், ஆனால் இங்கிலீஷில் தேறியவன். அதனால் படித்துச் சொல்லும் பாவம் என் தலையில் விழுந்தது. பாய் கையில் இழைப்புளியோடு நின்றார். அக்கா உள்வாசலில் ஏதோ பெருமாள் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உசுரோட இருந்த பறவைய எடுத்த படம் இல்லியாம் பாய். செத்த பறவைய பாடம் பண்ணி, பஞ்சு அடைச்சி, மரத்துல நிக்கவச்சி எடுத்ததுன்னு முடிவு பண்ணிக்கிறாங்க."

"இன்னாது?"

"கண்ணு பொம்மைக் கண்ணாம். இவ்ளோ கிட்ட எந்தப் பறவையும் வுடாதாம். நெகட்டிவ் இருந்தா நேர்ல கொண்டாந்து காட்டணுமாம். இல்லாங்காட்டி மாசி மூணாந்தேதி கண்காட்சி தொறக்கறதுக்குள்ள வந்து எடுத்துக்கினு போவணுமாம்."

"அவ்ளோதானா?"

அவ்வளவு இல்லை. கடைசி வரியைப் படிக்காமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். "சட்டம் ரொம்ப நல்லா இருக்குதுன்னு பாராட்டிக்கிறாங்க" என்றேன்.

பாய் இழைப்புளியைக் கீழே வைத்தார். கேமராவை அதன் தோல் பையில் போட்டு, பரண்மேல் ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். பாவிகள், திட்டிவிட்டுப் போயிருக்கலாம். சட்டத்தைப் பாராட்டியதுதான் அவரைக் கொன்றது.

தெருவுக்கு விஷயம் போக எவ்வளவு நேரம்? டீக்கடையில் ஒருவன், "பாய், பறவைக்குப் பஞ்சு எத்தினி சேர் புடிச்சுது?" என்று கேட்டான். பாய் பாதி டீயை வைத்துவிட்டு வந்துவிட்டார். அந்த வெள்ளிக்கிழமை என் சைக்கிள் கடையிலேயே சுத்தமாக நின்றது. எனக்கு அழுகை வரும்போல் இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் எதிரே போனேன். அக்கா வைத்த இட்லியும் தாளிச்சாவும் ஆடை கட்டிக் கிடந்தன.

"சாப்புடு பாய். எவனோ எழுதினான்னு வவுத்தக் காயப்போடுவாங்களா?"

"என்னப் பொய்க்காரன்னுட்டாம்பா. வூட்டு வூட்டுக்குப் பூஜ ரூம்ல என் கை இருக்குது. நாளைக்கு ஒருத்தன் ஈட்டின்னு குடுத்தா, மெய்யாலுமே ஈட்டியா, சாயம் அடிச்சதான்னு நகத்தால கீறிப் பாப்பான். பாக்கட்டும். நெகட்டிவும் இல்ல. நான் இன்னா சொல்லி நிக்கறது?"

அக்கா உள்ளே இருந்து வந்தார். மூன்று நாளாக அவரும் சாப்பிடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"இங்க பாருங்க, ஒண்ணு சொல்றேன், கத்தாதீங்க. அந்தக் கண்ணு நான் வச்சது."

பாய்க்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

"நீங்க தொழுவப் போனீங்க இல்ல, அப்ப. கண்ணு பூ விழுந்தாப்ல வெள்ளையா இருந்துது. சாமி படத்துல வர்ற மாரி இதுவும் அச்சுல தப்பிச்சின்னு நெனச்சேன். பதினெட்டு வருஷமா செய்ற வேலதானே, கேக்கத் தோணல. கறுப்பு வச்சி, வெள்ள வச்சேன். கடுதாசில கண்ணுன்னு தம்பி படிச்சப்பவே எனக்குத் தெரிஞ்சி போச்சி. சொல்ல வாய் வரல."

பாய் எழுந்த வேகத்தில் முக்காலி சாய்ந்தது. "அது மூடிக்கினு இருந்த கண்ணுடீ! அதுக்குக் கண்ணுமேல இன்னொரு ரெப்ப இருக்குது. கண்ணாடித்தாள் மாரி குறுக்கால வந்துட்டுப் போவும். ரெண்டு வருஷம் தண்ணியில நின்னு அதக் கண்ணால பாத்துக்கினே இருந்தேன், படத்துல ஒருவாட்டி கூட மாட்டல. அன்னைக்குத்தான் மாட்டிச்சி. அல்லா அதுக்குக் கண்ணுக்குள்ளயே ஒரு பர்தா வச்சிக்கிறான்."

"பர்தாவா?"

"பர்தாதான்."

அக்கா தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "பர்தா போட்டுக்கினு இருந்தவள நான் தெருவுல நிக்கவச்சிட்டேனே" என்றார். அழுகையோடு சொன்னார். சொல்லி முடித்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பாய் அவரைப் பார்த்தார். கோபப்படவா வேண்டாமா என்று அவர் முகம் தவித்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, அவரும் சிரித்துவிட்டார். மூன்று நாளைக்கு அப்புறம் அந்தக் கடையில் கேட்ட சிரிப்பு அது.

"ஏன் என்கிட்ட சொல்லல நீங்க?" அக்கா இப்போது கேட்டார். "ஏரிக்கு ஒரு நாளாவது என்ன இட்டுக்கினு போனீங்களா? எனக்கு இன்னா தெரியும், அதுக்கு எத்தினி ரெப்பன்னு?"

பாய் குனிந்து முக்காலியை நிமிர்த்தி வைத்தார்.

"பிசின் மைதானே, வச்ச கை எடுக்கும். நாளைக்கே மெட்ராஸுக்குப் போலாம்."

"எடுக்கறப்ப தாளு உரிஞ்சிட்டா? ஒரே படம் சைதுன். அப்பால அது சென்மத்துக்கும் குருடுதான்."

"இப்ப மட்டும் இன்னா, பொம்மதானே? நான் எடுக்கறேன்."

மறுநாள் காலை பஸ்ஸில் மூவரும் போனோம். நான் எதற்கு என்று கேட்டால், இங்கிலீஷுக்கு. அக்கா எலுமிச்சைச் சோறு கட்டி எடுத்துக்கொண்டார், யாரும் தொடவில்லை. அன்றைக்கு மத்தியானம் மூன்று மணிக்குக் கண்காட்சி திறப்பு. மண்டபத்தில் ஏணி வைத்துப் படங்களை மாட்டிக்கொண்டிருந்தார்கள். புலி, யானை, மான். எங்கள் தாரா மூலையில் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தது, வகுப்பில் தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி.

டை கட்டிய காரியதரிசி ஒருவர் இருந்தார். நடுவர்களில் ஒருவரான பெரியநாயகி அம்மாள் இருந்தார். பெண்கள் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியை, நரைத்த தலை, கழுத்தில் கயிற்றில் தொங்கும் பூதக்கண்ணாடி. கடிதத்தில் கண்ணைப் பற்றி எழுதச் சொன்னது அவர்தான் என்று தெரிந்தது.

"நீங்கதான் ஹனீஃபாவா? நெகட்டிவ் கொண்டுவந்தீங்களா?"

"இல்லீங்கம்மா. மழையில ஒட்டிப்போச்சி."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

அக்கா ஓரடி முன்னால் வந்தார். "கண்ண எடுக்க வந்தேங்க" என்றார். "நீங்க எழுதினது மெய்தாங்கம்மா. அந்தக் கண்ணு பொய்க் கண்ணு. நான் வச்சேன். அதுக்குக் கீழ நெசக் கண்ணு இருக்குது, பாத்துட்டு அப்பால சொல்லுங்க."

காரியதரிசி கையை விரித்தார். "அதெல்லாம் இப்ப முடியாதும்மா. அந்த ஃபிரேமைத் திறக்கவே முடியலை. நாங்க பின்னாடி பாத்தாச்சு, ஒரு ஆணி கிடையாது. உடைச்சாத்தான் உண்டு."

அதுவரை தலைகுனிந்து நின்ற பாய் நிமிர்ந்தார். தோள்பையிலிருந்து சின்ன மரச்சுத்தியையும் ஒரு குச்சியையும் எடுத்தார். படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, முகம் கீழாகத் தன் துண்டின்மேல் படுக்கவைத்தார். மூலைக்கு ஒரு தட்டு. டக், டக், டக், டக். ஈட்டிச் சட்டம் கைகோர்த்தவர்கள் கையை விட்டதுபோல் நான்காகப் பிரிந்தது. ஏணிமேல் இருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். காரியதரிசி "அட" என்றார்.

அக்கா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து படத்தை மடிமேல் பலகையோடு வைத்துக்கொண்டார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, தறியில் அறுந்து விழும் கழிவுப் பட்டில் ஒரு கொத்தை எடுத்தார்.

"பஞ்சு தரட்டுமா?" என்றார் பெரியநாயகி அம்மாள்.

"பஞ்சு கீறும்ங்கம்மா. பட்டு கீறாது."

பட்டை நாக்கில் தொட்டு, கண்ணின்மேல் வைத்து, அழுத்தாமல் காத்திருந்தார். எடுத்தபோது வெள்ளைப் பொட்டு பட்டோடு வந்துவிட்டது. இன்னொரு கொத்து. இந்த முறை கறுப்பு கரைந்து பறவையின் கன்னமெல்லாம் பரவிவிட்டது. மை வழிந்த முகமாக அது கோரமாக இருந்தது. பாய் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார், உதடு மட்டும் ஓதிக்கொண்டிருந்தது. அக்கா யாரையும் பார்க்கவில்லை. மூன்றாவது கொத்து, நான்காவது, ஐந்தாவது. ஒவ்வொன்றும் முன்னதைவிட வெளுப்பாக வந்தது. ஆறாவது கொத்து வெள்ளையாகவே வந்தது.

"பாருங்கம்மா."

பெரியநாயகி அம்மாள் தரையில் மண்டியிட்டுப் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பிறகு படத்தைப் பலகையோடு தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். நெடுநேரம் பார்த்தார். திரும்பியபோது அவர் முகமே மாறிப்போயிருந்தது.

"மூன்றாவது இமை" என்றார். "பாதி தூரம் வந்திருக்கு. இமையோட விளிம்பு தெரியுது, அதுக்குப் பின்னாடி கண்பாப்பாவும் தெரியுது." காரியதரிசியைக் கூப்பிட்டார். "சார், பாடம் பண்றவன் முதல்ல பிடுங்கி எறியறதே கண்ணைத்தான். செத்த பறவை இமைக்காது. இது இமைக்கிற அந்த நொடியில எடுத்த படம். முப்பது வருஷமா பிள்ளைங்களுக்குப் போர்டுல வரைஞ்சு காட்டறேன், இப்படி ஒரு படத்தை நான் பார்த்ததில்லை." பாயின் எதிரே வந்து நின்றார். "உங்களைப் பொய்யர்னு எழுதவச்சவ நான்தான். மன்னிச்சுக்கணும்."

அக்காதான் சொன்னார்: "நீங்க பாத்தப்ப பொய்க் கண்ணுதானேம்மா இருந்துது. சரியாத்தான் சொன்னீங்க."

நான் விசில் அடித்துவிட்டேன். மண்டபத்தில் அப்படிச் செய்யக்கூடாதாம். செய்தாகிவிட்டது.

பாய் நான்கு தட்டில் சட்டத்தை மூடினார். புலியை ஓரமாக நகர்த்திவிட்டு நடுச்சுவரில் தாராவை மாட்டினார்கள். கறுத்த இறக்கையின் ஈரம் ஈட்டிமரத்துக்குள்ளும் ஓடியிருப்பதுபோல் இருந்தது, எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. நடுவர்கள் மறுபடி கூடிப் பேசி, கதவு திறப்பதற்கு முன்னால் அதன் மூலையில் சிவப்பு ரிப்பன் ஒன்றைக் கட்டினார்கள். முதல் பரிசு. பாய் அந்த ரிப்பனைத் தொட்டுப் பார்த்து, "பட்டு இல்லபா, நைலான்" என்று என் காதில் சொன்னார்.

பெரியநாயகி அம்மாளே பெயர் அட்டை எழுத உட்கார்ந்தார். "படம்: ஹனீஃபா, காஞ்சிபுரம். சரிதானே?"

"சட்டமும் நான்தாங்க. எழுதுங்க." பாய் கொஞ்சம் யோசித்தார். "கண்ணு, சைதுன். அதையும் எழுதிடுங்க."

"அவங்க வச்ச கண்ணைத்தான் எடுத்தாச்சே?"

"வச்சது தப்பு, எடுத்தது யாருங்க? என்னால ஆவாது. இந்த ஊர்லயும் யாராலயும் ஆவாது."

அம்மாள் சிரித்துக்கொண்டே எழுதினார். படம், சட்டம்: ஹனீஃபா. கண்: சைதுன்.

மூன்று மணிக்குக் கதவு திறந்தது. கூட்டம் நேரே நடுச்சுவருக்குத்தான் வந்தது. நாங்கள் ஐந்து மணி பஸ்ஸுக்குக் கிளம்புவதாகப் பேச்சு. பாய் அக்காவைத் தேடினார். அக்கா தாராவின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடி போட்ட ஒரு காலேஜ் பெண், "ஏன் இதுக்குக் கண் மட்டும் மங்கலா இருக்கு?" என்று கேட்டுவிட்டாள் போல. அக்கா கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மங்கல் இல்லமா. அதுக்கு உள்ளுக்குள்ள ஒரு பர்தா இருக்குது. குறுக்கால வந்துட்டுப் போவும். உசுரோட இருந்தாத்தான் அத இஸ்துக்க முடியும். எங்க வூட்டுக்காரரு கழுத்துவரைக்கும் தண்ணியில நின்னு எடுத்தது. வர்ற வெள்ளிக்கிழம நானும் போறேன், பாக்க."

அந்தப் பெண் நகர்ந்ததும் ஒரு போலீஸ்காரர், அப்புறம் இரண்டு பிள்ளைகளோடு ஒரு குடும்பம். ஐந்து மணி பஸ் போயிற்று. பாய் போய் மெல்ல முழங்கையைத் தொட்டார்.

"சைதுன், ஆறு மணி வண்டியாவது புடிக்கணும், வாம்மா."

"இருங்க" என்றார் அக்கா, திரும்பாமலே. "இவங்க இன்னும் கண்ணப் பாக்கல."